நாற்பது லட்சத்துக்கு என்ன வாங்குவது: மனையா, ஃபிளாட்டா, ஒத்தியா, ஏலச் சொத்தா?

பணி ஓய்வில் வந்த பணம், பூர்வீக நிலம் விற்றதில் வந்த பங்கு, வளைகுடாவில் வருஷக்கணக்கில் உழைத்துச் சேர்த்தது. எந்த வழியில் வந்தாலும் சரி, ஒரு குடும்பத்தின் கையில் முப்பது, நாற்பது லட்சம் சேர்ந்துவிட்டால் தமிழ்நாட்டில் முதலில் கிடைக்கும் யோசனை "இடத்துல போடுங்க" என்பதுதான். யோசனை சொல்கிற அத்தனை பேரும் விலை ஏறுமா என்பதையே பேசுவார்கள். சொத்துப் பத்திரங்களைப் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்வது என் தொழில். என்னிடம் வருகிறவர்களிடம் நான் வேறு இரண்டு கேள்வி கேட்பேன். வாங்கிப் போட்டபின் அங்கே போய்ப் பார்க்க யார் இருக்கிறார்கள்? அவசரத்துக்கு விற்க வேண்டி வந்தால் எவ்வளவு நாளில் பணமாக்க முடியும்? இதற்குப் பதில் தெரிந்தால் எதை வாங்கக் கூடாது என்பதாவது தெரிந்துவிடும்.

முதலில் மனை. இதன் கணக்கை யாரும் கடைசி வரை போட்டுப் பார்ப்பதில்லை. திருச்சி புறநகரில் 30 லட்சத்துக்கு ஒரு மனை என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 2,70,000 ரூபாய். புரோக்கர், பத்திர எழுத்தர், வக்கீல் எல்லாம் சேர்த்து அடக்கம் 33 லட்சம் ஆகிவிடும். ஐந்து வருஷம் கழித்து 45 லட்சத்துக்குப் போகிறது. ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது என்று சொந்தக்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள். விற்கும்போது 2% கமிஷன் 90,000. இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்ததால் நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5%, அதன்மேல் 4% செஸ். 2024 ஜூலை 23-க்குப் பிறகு வாங்கிய சொத்துக்கு, பணவீக்கத்துக்காக அடக்க விலையை உயர்த்திக் காட்டும் பழைய சலுகையும் கிடையாது. எல்லாம் போகக் கையில் நிற்பது சுமார் 42.6 லட்சம். 33 லட்சம் ஐந்து வருஷத்தில் 42.6 ஆவது வருஷத்துக்கு 5% சொச்சம். காலிமனை வரியும், சீமைக் கருவேலம் வெட்டும் கூலியும் இதில் சேரவில்லை. இதைவிட வேகமாக ஏறும் இடங்கள் உண்டு. ஆனால் புறவழிச்சாலை வரப்போகிறது, கல்லூரி வரப்போகிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் முன்பே லேஅவுட் போட்டவருக்குத் தெரியும். அந்த ஏற்றத்தில் பாதியை அவர் முதல் விலையிலேயே வாங்கிக்கொண்டிருப்பார்.

அங்கீகாரம் பற்றி இப்போது எல்லோருக்கும் ஓரளவு தெரியும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியத் தடை போட்ட பிறகு, ஊரெல்லாம் "அப்ரூவ்டு மனை" என்ற பலகை முளைத்தது. அதற்கு முன் அங்கீகாரமில்லாமல் போட்ட லேஅவுட்டுகளைச் சட்டப்படி ஒழுங்காக்க 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன; 2016 அக்டோபர் 20 அதற்கான எல்லைத் தேதி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். லேஅவுட்டுக்கு ஆணை வந்திருக்கிறது என்பதும் உங்கள் மனைக்கு வரன்முறை ஆணை இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. மனை எண் போட்ட ஆணையைக் கையில் வாங்கிப் பாருங்கள். புது லேஅவுட்டாக இருந்தால் அரசின் நகரமைப்பு அமைப்புகளான டி.டி.சி.பி. அல்லது (சென்னைப் பகுதியில்) சி.எம்.டி.ஏ. அங்கீகரித்த வரைபடம், 500 சதுர மீட்டருக்கு மேலோ எட்டு மனைக்கு மேலோ இருந்தால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண், இரண்டும் வேண்டும். வரைபடத்தில் பூங்கா என்று காட்டியிருக்கும் இடத்தில்தான் உங்களுக்குக் காட்டும் மனை இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நடந்திருக்கிறது.

இதைவிடப் பெரிய சங்கதி வில்லங்கச் சான்றில் (ஈசி) வராதது. சமீபத்தில் ஒரு மனையின் காகிதங்கள் என் மேசைக்கு வந்தன. முப்பது வருஷ ஈசி சுத்தம். பட்டா விற்பவர் பெயரில். 1998-இல் மூன்று அண்ணன் தம்பிகள் போட்டுக்கொண்ட பாகப்பிரிவினைப் பத்திரம் முறையாகப் பதிவாகியிருக்கிறது. சொத்து அவர்கள் அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவர் உயில் எழுதாமல் 1991-இல் காலமானவர். வாரிசுச் சான்றிதழைக் கேட்டேன். "அது எதுக்கு சார், பட்டாவே எங்க பேர்லதான இருக்கு" என்றார்கள். ஒரு வாரம் கழித்து வந்த சான்றில் ஆறு பெயர்: மனைவி, மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். பாகப்பிரிவினையில் அம்மாவும் இல்லை, மகள்களும் இல்லை. தகப்பனின் தனிச்சொத்தில், உயில் இல்லாவிட்டால், இந்து குடும்பத்து மகளுக்கும் மனைவிக்கும் 1956 முதலே சம பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தாக இருந்தால் 1989-இன் தமிழ்நாட்டுத் திருத்தம், 2005-இன் மத்தியத் திருத்தம் என்று கணக்கு வேறு மாதிரி ஓடும். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சட்டமே வேறு. இங்கே தேவைப்பட்டது அந்தப் பெண்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம், அல்லது கிரயத்தில் அவர்களும் கையெழுத்துப் போடுவது. அக்காவைக் கூப்பிட்டால் பங்கு கேட்பாள் என்பதால் அண்ணன் தம்பிகள் கூப்பிடத் தயாராக இல்லை. அந்த மனை இன்னும் விற்காமல்தான் கிடக்கிறது.

"பதிவே ஆகிவிட்டதே, அப்புறம் என்ன?" என்பவர்களுக்கு ஒன்று. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று தீர்மானிப்பது சார்பதிவாளரின் வேலை இல்லை. மூலப் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்ற தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-ஏ(1)-ஐ 2025 ஏப்ரலில் ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. உரிமையைப் பார்ப்பது வாங்குகிறவர் பொறுப்பு. பவர் பத்திரம் வைத்து விற்பவரிடம் இன்னும் கவனம் வேண்டும்: பவர் கொடுத்ததாலேயே சொத்து கைமாறிவிடாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்யாமல் இருக்கிறாரா என்பது பதிவு நாளன்று தெரிய வேண்டும். பஞ்சமி நிலம், கோயில் நிலம், வக்ஃபு, நீர்நிலைப் புறம்போக்கு என்று வில்லங்கமான நிலமா என்பதை வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் பார்த்துவிடலாம். சர்வேயரைக் கூப்பிட்டு, புல வரைபடத்தை வைத்து நான்கு மூலையும் அளந்து கல் ஊன்றிய பிறகு மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.

மனையில் இன்னொரு பழக்கம், "வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் போட்டுக்கலாம், மீதி கையில" என்பது. வழிகாட்டி மதிப்பு என்பது பதிவுக்காக அரசு வைத்திருக்கும் விலை. 30 லட்சம் மனையை 18 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் பதிவுச் செலவில் ஒரு லட்சம் சொச்சம் மிச்சம். நாளைக்கு நீங்கள் விற்கும்போது, வாங்குபவர் வங்கிக் கடன் போடுகிறார் என்றால் முழு விலைக்குப் பத்திரம் கேட்பார். அப்போது உங்கள் அடக்கம் 18 லட்சம்தான். மறைத்த 12 லட்சமும் லாபக் கணக்கில் ஏறி, அதற்கு மட்டும் ஒன்றரை லட்சம் வரி. போதாததற்கு, சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அது விற்பவர் தலையில் விழும் என்று நிம்மதி அடைய வேண்டாம். கணக்கில் வராத பணத்தைக் கொடுத்தவரும் பதில் சொல்ல வேண்டும்.

ஃபிளாட்டுக்கு வருவோம். மனை விலை ஏற்றத்துக்கு, ஃபிளாட் மாத வாடகைக்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். வாடகை எவ்வளவு என்று பார்த்தால் உற்சாகம் வடிந்துவிடும். 40 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட், மறுவிற்பனை என்பதால் பதிவுக்கு 9%, அடக்கம் 43.6 லட்சம். மாதம் 12,000 வாடகை. ஆள் மாறும்போது ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று வைத்தால் வருஷத்துக்கு 1,32,000. சொத்து வரி, வெள்ளையடிப்பு, குழாய், மோட்டார் என்று 20,000 கழித்தால் நிகரம் இரண்டரை சதவீதம் சொச்சம். இதைக் கடன் வாங்கிச் செய்வது இன்னும் மோசம். 30 லட்சம் கடனுக்கு எட்டரை சதவீதத்தில் இருபது வருஷத் தவணை மாதம் 26,000 வரும். வாடகை அதில் பாதிகூட இல்லை. புதிய வரி முறையில் இருப்பவர்கள் அந்த வட்டி நஷ்டத்தைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது. வாடகையில் 30% நிலைக்கழிவு கிடைக்கும் என்பது ஒரு சிறு ஆறுதல்.

அப்படியும் நான் ஃபிளாட்டை ஒதுக்குவதில்லை. காரணம், பார்த்துக்கொள்ள ஆளில்லாதவருக்கு அது காலிமனையைவிடப் பத்திரம். வேலியைத் தள்ளிப் போட யாராலும் முடியாது. விஷயம் எந்த ஃபிளாட் என்பதில் இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது யு.டி.எஸ்., அதாவது பிரிக்கப்படாத மனைப்பங்கு. கட்டடம் வருஷா வருஷம் தேயும், விலை ஏறுவது அந்த மண்ணுக்குத்தான். மூன்று மாடிப் பழைய குடியிருப்பில் 800 சதுர அடி வீட்டுக்கு 400 சதுர அடி மனைப்பங்கு இருக்கும்; இருபது மாடிக் கோபுரத்தில் அதே அளவு வீட்டுக்கு அதில் பாதிகூட வராது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்டுவதற்கு முன்பெல்லாம் ஒரே ஒருவர் முரண்டு பிடித்தால் போதும், எல்லாம் நிற்கும். 2022-இல் இயற்றி 2024-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்கிறது. மனைப்பங்கு அதிகமுள்ள பழைய வீடுகளுக்கு இது பலம்.

புது ஃபிளாட்டில் ஒரு லாபம் உண்டு. முதல் விற்பனையில் 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4%, பதிவுக் கட்டணம் 2% என்று 2023 டிசம்பர் முதல் குறைத்திருக்கிறார்கள். ஆனால் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 5% (மலிவு விலை வீடு என்ற வரையறைக்குள் வந்தால் 1%). நிறைவுச் சான்று வாங்கிய பின் விற்கும் வீட்டுக்கு அது இல்லை. விலையில் 10%-க்கு மேல் வாங்க வேண்டுமானால் பில்டர் முதலில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும். சொன்ன தேதியில் வீடு வராவிட்டால் பணத்தை வட்டியோடு கேட்கலாம், ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் கோளாறு வந்தால் சரிசெய்யச் சொல்லலாம். ரெரா கொடுத்த இந்த உரிமைகள் நிஜமானவை. ஆணை வாங்குவது ஒரு வேலை, அந்த ஆணையை வைத்துப் பணத்தை வசூலிப்பது இன்னொரு வேலை என்பதும் நிஜம்.

வாடகைக்கு விடுவதில் "11 மாத அக்ரிமென்ட் போட்டா பதிய வேண்டாம்" என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. 2017-இன் நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின், எழுத்து ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவும் எல்லா வாடகைக்கும் வேண்டும். இணையத்திலேயே பதியலாம். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகை. பத்து மாத அட்வான்ஸ் பழகிய சென்னை இதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

ஒத்தி மதுரை, நெல்லைப் பக்கம் ஊறிய பழக்கம். எட்டு லட்சம் கொடுத்து வீட்டை மூன்று வருஷத்துக்குப் பிடிப்பது, வாடகை கிடையாது, முடிவில் முழுப்பணமும் திரும்பும். சிலர் இதையே முதலீடாகச் செய்கிறார்கள். ஒத்திக்குப் பிடித்த வீட்டை உரிமையாளர் சம்மதத்தோடு மாதம் எட்டாயிரம் வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு 12%. ஃபிளாட் தரும் இரண்டரையோடு ஒப்பிட்டால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் இது இருபது ரூபாய் முத்திரைத்தாளில், இரண்டு சாட்சி வைத்து முடிக்கிற விஷயமில்லை. சட்டப்படி இது அனுபவ அடமானம். நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள அடமானம் பதிவான பத்திரமாக இருக்க வேண்டும். பதியாத காகிதத்தை வைத்துக்கொண்டு வீட்டின் மேல் உரிமை பேச முடியாது, கடனாகக் கொடுத்த பணத்தைக் கேட்டு வழக்குப் போடலாம், அவ்வளவுதான். அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, தவணை நின்றால், கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுக்க வங்கிக்கு வழிவிடும் 2002-இன் சர்ஃபேசி சட்டப்படி வங்கி வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டும். வங்கிக்குப் பின்னால்தான் நீங்கள். சென்னையில் இதற்கு ஒரு புது வடிவம் வந்தது: இடையில் ஒரு கம்பெனி புகுந்து உரிமையாளரிடம் வாடகைக்கு எடுத்து, குடும்பங்களிடம் லட்சக்கணக்கில் லீசுத் தொகை வாங்கிக் குடிவைத்து, சில மாதத்தில் வாடகையை நிறுத்திவிட்டு மறைந்தது. உரிமையாளர் கையெழுத்துப் போட்டுப் பதிந்த பத்திரம் இல்லாமல், அன்றைய தேதி ஈசி பார்க்காமல், ஒத்திக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

வங்கி ஏலம் மலிவு என்பது உண்மை. சந்தை விலையைவிட நன்றாகக் குறைத்து வைத்த அறிவிப்புகள் நாளிதழிலும் வங்கிகளின் ஏல இணையதளத்திலும் வந்தபடி இருக்கின்றன. குறைவுக்குக் காரணம் இருக்கிறது. "உள்ளது உள்ளபடி" என்ற வாசகத்துக்கு அர்த்தம், பாக்கியும் வழக்கும் குடியிருப்பவரும் உங்கள் பாடு என்பதே. பழைய மின் கட்டணப் பாக்கியைப் புது உரிமையாளரிடமே கேட்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வங்கி கையில் இருப்பது நேரடி சுவாதீனமா, காகிதத்தில் மட்டும் எடுத்த சுவாதீனமா என்று அறிவிப்பில் ஒரு வரியில் போட்டிருப்பார்கள். அந்த ஒரு வரியை வைத்தே நான் வேண்டும், வேண்டாம் என்று சொல்வேன். காகிதச் சுவாதீனம் என்றால் உள்ளே கடனாளி குடியிருக்கிறார். மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கி, போலீஸ் வைத்துக் காலி செய்ய வேண்டும், நடுவில் அவர் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போவார்.

அதைவிடச் சிறு முதலீட்டாளருக்கு ஆபத்தானது கால அட்டவணை. ஏலம் எடுத்தால், கட்டிய வைப்புத் தொகையையும் சேர்த்து 25% மறு வேலை நாளுக்குள். மீதி 75% பதினைந்து நாளில். எழுத்தில் ஒப்புக்கொண்டால் அதிகபட்சம் மூன்று மாதம். கடன் வந்துவிடும் என்று நம்பி ஏலம் எடுத்து, கடன் தாமதமாகி, 25%-ஐயும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன அப்படி ஒரு வழக்கில், வங்கி அந்த முழுத்தொகையைப் பறிமுதல் செய்தது சரியே என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 40 லட்சம் சொத்தில் அது 10 லட்சம். முழுப்பணமும் வங்கிக் கணக்கில் இல்லாதவர்களுக்கு ஏலம் வேண்டாம்.

விவசாய நிலம் பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் வாங்கலாம். வெளிநாடுவாழ் இந்தியர் வாங்க முடியாது. நகர எல்லையிலிருந்து மக்கள்தொகைக்கேற்ப 2, 6, 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் விற்பனை லாபத்துக்கு வரி இல்லை என்பது பெரிய கவர்ச்சி. பயிர் செய்யப் போகிறவர் வாங்கட்டும். "பண்ணை மனை" என்று அஞ்சு சென்ட், பத்து சென்டாகக் கூறுபோட்டு விற்பதை, மா மரமும் சொட்டுநீரும் சேர்த்தே கொடுத்தாலும், தொட வேண்டாம். அது லேஅவுட் அனுமதி இல்லாத மனைதான்.

ரெயிட் என்பதைச் சொன்னால் நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். கையில் பத்திரம் வராதே. அலுவலகக் கட்டடங்களும் மால்களும் வைத்திருக்கும் அறக்கட்டளையின் யூனிட்டைப் பங்குபோல வாங்குவது அது. 2019-இல் எம்பசி என்ற ரெயிட் முதலில் வந்தது, வடபழனி விஜயா மால்கூட நெக்ஸஸ் ரெயிட்டில் அடக்கம். பகிர்ந்தளிக்கக்கூடிய பணத்தில் 90% கொடுத்தாக வேண்டும் என்பது விதி. யூனிட் விலை இறங்கவும் செய்யும். ஆனால் யாருடைய அக்காவின் கையெழுத்தும் வேண்டாம், விற்ற பணம் சில நாளில் கணக்குக்கு வந்துவிடும்.

ஆகவே, உள்ளூரிலேயே இருக்கிறார், மாத வருமானத்துக்கு வேறு வழி இருக்கிறது, பத்து வருஷம் காத்திருக்க முடியும் என்பவருக்கு, வீடு கட்டிக் குடிபோகும் நிலையில் இருக்கும் அங்கீகார மனையைச் சொல்வேன். சுற்றிலும் நாலு வீடாவது இருக்க வேண்டும். மாதாமாதம் பணம் வேண்டும் என்ற ஓய்வூதியருக்கு, ஆஸ்பத்திரியோ கல்லூரியோ பக்கத்தில் இருக்கும், மனைப்பங்கு அதிகமுள்ள பழைய ஃபிளாட் 25 லட்சத்துக்குள் ஒன்று, மிச்சம் வங்கியிலும் ரெயிட்டிலும். வெளிநாட்டில் இருப்பவர் காலிமனை வாங்க வேண்டாம். ஊரில் அண்ணன் பார்த்துக்கொள்வார் என்றாலும் வேண்டாம், அண்ணனோடு உறவு நீடிக்க வேண்டுமானால்.

எதை வாங்கினாலும் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் அன்று ரசீதில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: வக்கீல் பார்வையில் உரிமைக் குறை தெரிந்தால் முன்பணம் முழுவதும் பதினைந்து நாளில் திரும்பும் என்று. அதை எழுத மறுப்பவர் காகிதத்தில் எதையோ மறைக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். விலை 50 லட்சமோ மேலோ என்றால் 1% டி.டி.எஸ். (விலையிலிருந்தே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. விற்பவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிறார் என்றால் 50 லட்சம் வரம்பும் இல்லை, 1% என்ற சலுகையும் இல்லை; ஆதாய வரி விகிதத்திலேயே பிடிக்க வேண்டும். ஆகவே பான் கார்டைக் கேட்கும்போதே, இந்த வருஷம் அவர் எந்த நாட்டில் குடியிருக்கிறார் என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.